நீரில் ஆழ்ந்த ஸ்தலம்

மூர்த்தி, ஸ்தலம், தீர்த்தம் என்று மூன்றாக வகுத்து, இம்மூன்றும் ஒருங்கே சிறந்து விளங்கும் இடத்தைத் தேடிச் சென்று தொழுவதே யாத்திரையின் பயன் என்று சொல்வது நம் சைவ மரபு. மூன்றும் ஓரிடத்தில் கூடியிருக்கும் வரையில் இந்தப் பகுப்பினால் யாருக்கும் சங்கடம் இல்லை. தீர்த்தமே பெருகி ஸ்தலத்தை மூடிவிட, மூர்த்தியை மனிதர் பெயர்த்தெடுத்துக்கொண்டு மேட்டு நிலத்துக்குப் போய்விட்டால், தொழச் செல்கிறவன் எந்தத் திசையை நோக்கிக் கைகூப்ப வேண்டும் என்ற வினா அப்போதுதான் எழுகிறது. இது தர்க்க விநோதத்துக்காகக் கற்பித்த வினா அன்று. சென்னைக்கு மேற்கே, கொசஸ்தலை ஆற்றின் போக்கில், திருவிளம்பூதூர் என்ற ஊருக்கு மெய்யாகவே இது நேர்ந்தது. நேர்ந்ததற்குக் காரணம், அந்த ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் வரையில் பரந்து கிடக்கும் எங்கள் நகரத்தின் தாகம்.

திருவிளம்பூதூர் என்ற பெயரை அறியாதவர்களும் திருவெண்பாக்கம் என்ற பெயரைக் கேட்டிருக்கக்கூடும். சுந்தரமூர்த்தி சுவாமிகளின் தேவாரம் பெற்ற தொண்டைநாட்டுத் தலங்களுள் ஒன்று அது. சென்னையின் குடிநீருக்காக 1940-ல் தொடங்கி 1944-ல் முடித்த பூண்டி நீர்த்தேக்கத்தின் பரப்புக்குள் அவ்வூர் அகப்பட்டுக்கொண்டது. நகரத்தின் மேயராக இருந்து அந்த அணைக்காகப் பெரிதும் முயன்ற சத்தியமூர்த்தி, அதில் நீர் நிறைவதைக் காணாமலே 1943-ல் காலமானார். நீர்த்தேக்கம் இன்று அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது. ஊன்றீசுவரர் என்ற திருநாமம் கொண்ட மூர்த்தியைப் பழைய கோயிலிலிருந்து எடுத்து வந்து, இப்போது பூண்டியில் உள்ள கோயிலில் பிரதிஷ்டை செய்தார்கள். ஊர் நீருக்குள் போயிற்று.

சென்ற கோடையில், திருவொற்றியூரிலும் ராயபுரத்திலும் எண்ணூரை ஒட்டிய குப்பங்களிலும் வசிக்கும் நாங்கள் சிலர், அந்த ஊர் இருந்த இடத்தைப் பார்த்து வருவதென்று தீர்மானித்தோம். வடசென்னைக்காரர்களுக்கு நடை புதிதன்று. ஆடி மாதத்தில் பெரியபாளையத்துக்கும், பிற காலங்களில் சிறுவாபுரிக்கும், புரட்டாசி வந்தால் திருப்பதிக்கும் கூட்டங்கூட்டமாக நடந்து போகிறவர்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் அந்த நடைகளின் முடிவில் அம்மனோ, முருகனோ, பெருமாளோ காத்திருக்கிறார்கள். இருந்தவரையும் எடுத்துக்கொண்டு போய்விட்ட இடத்தை நோக்கி நடப்பதற்குப் பாதயாத்திரை என்று பெயர் சொல்லலாமா என்று எங்களுள் ஒருவர் கேட்டபோது, துறைமுகத்தில் கணக்கராக இருந்து ஓய்வுபெற்று இப்போது திருமுறை வகுப்பு நடத்திவரும் பெரியவர், "சுந்தரர் நடந்த வழியில்தானே போகிறோம், அவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி அந்த ஐயத்துக்கு அப்போதைக்கு முற்றுப்புள்ளி வைத்தார்.

சுந்தரர் அந்த வழியில் நடந்த கதை, திருவொற்றியூரில் பிறந்த ஒவ்வொருவருக்கும் பாட்டி சொல்லித் தெரிந்த கதை. செங்குன்றத்துக்கு அப்பால் உள்ள ஞாயிறு என்ற ஊரிலே பிறந்து, ஒற்றியூர்க் கோயிலில் பூத்தொடுக்கும் பணி செய்துவந்த சங்கிலியாரைச் சுந்தரர் மணக்க விரும்பினார். உன்னைப் பிரியேன் என்று சபதம் செய்து கொடுத்தால்தான் மணம் என்று ஏற்பாடாயிற்று. திருவாரூரில் மனைவி பரவையாரை விட்டு வந்திருந்த சுந்தரருக்கு அந்தச் சபதம் நிலைக்காது என்று உள்ளூரத் தெரியும். ஆகவே அவர் இறைவனிடமே ஒரு விண்ணப்பம் செய்தார்: நான் சந்நிதியில் ஆணையிடும்போது தேவரீர் சந்நிதியை விட்டு வெளியே வந்து மகிழ மரத்தடியில் எழுந்தருளியிருக்க வேண்டும் என்பது அந்த விண்ணப்பம். இறைவன் இசைந்தார், இசைந்துவிட்டு, சங்கிலியாரின் கனவில் தோன்றி, சந்நிதியில் வேண்டாம், மகிழடியில் ஆணை கேள் என்றும் அறிவித்துவிட்டார். மறுநாள் சுந்தரர் தப்ப வழியின்றி மகிழ மரத்தின் கீழேயே சத்தியம் செய்து கொடுத்தார். மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை என்று இன்றும் கொண்டாடும் அந்த நிகழ்ச்சியைச் சேக்கிழார், ஏயர்கோன் கலிக்காம நாயனார் வரலாற்றினிடையே விரித்துரைக்கிறார்.

இந்தக் கதையைக் காதலின் குறும்பாகவும், தோழமையின் உரிமையாகவும் படித்துச் சிரிப்பது வழக்கம். ஆனால் இதனுள் ஒரு கடினமான தத்துவ விஷயம் பொதிந்திருக்கிறது. இறைவன் சந்நிதியை விட்டு நீங்கிவிட்டால் அங்கே செய்யும் சத்தியம் சத்தியமாகாது என்று சுந்தரர் கருதினார். அதாவது, சாந்நித்தியம் என்பது ஓர் இடத்தில் நிரம்பியிருக்கும் பொருள். அதை ஓரிடத்திலிருந்து வடித்து மற்றோர் இடத்துக்குக் கொண்டுபோகலாம். வடித்துவிட்ட இடத்தில் பேசும் பேச்சுக்குப் பொறுப்பு இல்லை. இறைவன் இந்த மூன்றில் முதலிரண்டையும் மறுக்கவில்லை. வெளியே வரவும் அவர் சம்மதித்தார். மூன்றாவதைத்தான் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. தாம் எங்கே சென்றாலும் சத்தியம் தம்மைத் தொடர்ந்து வந்து சேரும்படி அவர் செய்துவிட்டார்.

வசந்தகாலம் வந்தது, தென்றல் வீசிற்று, ஆரூரின் வசந்த விழாவும் பரவையாரும் நினைவில் எழ, சுந்தரர் ஒற்றியூரின் எல்லையைத் தாண்டினார். தாண்டிய அக்கணமே அவருடைய இரு கண்களும் ஒளி இழந்தன. வடதிருமுல்லைவாயில் வழியாகத் தட்டுத் தடுமாறித் திருவெண்பாக்கத்தை அடைந்து, கோயிலின் முன் நின்று, நீர் இக்கோயிலில் இருக்கின்றீரோ என்று கேட்டார். இருக்கிறோம், நீர் போகலாம் என்ற கருத்துப்பட உள்ளிருந்து விடை வந்தது. கண் கிடைக்கவில்லை, ஓர் ஊன்றுகோல் கிடைத்தது. கோபத்தில் அவர் அக்கோலை வீசியெறிய, அது பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்தது என்று தலக்கதை சொல்கிறது. அம்மை மின்னலாகத் தோன்றி வழிகாட்டினாள் என்பதால் அவளுக்கு மின்னொளியம்மை என்று பெயர். இடக் கண் காஞ்சியிலும் வலக் கண் ஆரூரிலும் பிற்பாடுதான் கிடைத்தன.

ஆகவே, கோயிலுக்குள் இருக்கிறாயா என்று ஓர் அடியவர் கேட்க, இருக்கிறோம் என்று இறைவன் வாய்திறந்து சொன்னதாக நம் மரபு நம்பும் ஸ்தலமே, ஆயிரம் ஆண்டுக்கு மேல் கழித்து ஏரியின் அடிக்குப் போன ஸ்தலம். சொன்னவரை எடுத்துச் சென்றாயிற்று. சொல் எங்கே இருக்கிறது?

திருவள்ளூரில் மின்சார ரயிலை விட்டிறங்கி, வெயில் ஏறுமுன் நடந்து, பூண்டியில் ஊன்றீசுவரரைத் தரிசித்துவிட்டு, நீர்த்தேக்கத்தின் கரைமீது ஏறி நின்றபோது, எங்கள் கண்ணுக்குப் பட்டவை வற்றிப் பின்வாங்கியிருந்த நீரும், அதற்கும் கரைக்கும் இடையே வெடித்துக் கிடந்த வண்டலும், தொலைவில் மேயும் மாடுகளும், சில நாரைகளும்தான். பாழ் என்று சொல்லிப் பெருமூச்சு விடுவதற்கு வேண்டிய தூணோ மதிலோ எங்களுக்குத் தென்படவில்லை. மேட்டூர் நீர்த்தேக்கம் வற்றும்போது பண்ணவாடியில் பழைய ஜலகண்டேசுவரர் கோயிலின் நந்தியும் கிறிஸ்தவக் கோயிலின் கோபுரமும் தலைதூக்கி நிற்கின்றன. பவானிசாகரில் நீர் இறங்கினால் டணாயக்கன் கோட்டையின் கோயில் வெளிப்படுகிறது. பரிசலில் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். பாழடைந்த இடத்தின் வசீகரம், மனத்தைச் சோகத்தினால் இனிமையாக நிறைத்து, அதற்குமேல் எதையும் கேட்காமல் அனுப்பிவிடுகிறது. எங்களுக்கு அந்த வசீகரம் கிட்டாததனாலேயே, பேச்சு தத்துவத்தின் பக்கம் திரும்பிற்று என்று நினைக்கிறேன்.

முதலில் எழுந்தது நிலையாமையைப் பற்றிய பேச்சு. அதற்கு எங்கள் ஊரிலேயே ஆசிரியர் இருக்கிறார். காவிரிப்பூம்பட்டினத்தில் பெருவணிகராக இருந்து, ஒரு நொடியில் அத்தனை செல்வத்தையும் துறந்து, கையில் பேய்க்கரும்பு ஏந்தி ஊர் ஊராகத் திரிந்து, அக்கரும்பு இனித்த இடமாகிய திருவொற்றியூரில் தங்கிய பட்டினத்தார், கடற்கரையில் மீனவச் சிறுவர்களோடு விளையாடி, அவர்கள் தம்மை ஒரு சாலினால் மூடும்போதெல்லாம் வேறோர் இடத்தில் தோன்றிக் காட்டி, கடைசியில் மூடிய இடத்திலேயே லிங்கமானார் என்பது ஐதிகம். அவர் பிறந்த பட்டினம் கடல்கொண்டது என்கிறார்கள். அவர் அடங்கிய கரையையோ கடல் இன்றளவும் அரித்துவருகிறது. பட்டினமே போன பிறகு பாக்கம் எம்மாத்திரம் என்று எங்கள் பெரியவர் சொன்னார்.

அதற்குத் துணையாகப் பள்ளி ஆசிரியை ஒருவர், அதே ஆற்றின் படுகையில், பூண்டிக்கு அருகே உள்ள அத்திரம்பாக்கத்தை நினைவூட்டினார். ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் அவருடைய துணைவர் கிங்கும் 1863-ல் கற்கருவிகளைக் கண்டெடுத்த இடம் அது. சாந்தி பப்புவும் அவருடன் உழைத்தவர்களும் அங்கே அகழ்ந்து, அடியிலிருந்த கைக்கோடரிகள் ஏறக்குறைய பதினைந்து லட்சம் ஆண்டுப் பழமை உடையவை என்று 2011-ல் வெளியிட்டார்கள். கல்லைச் செதுக்கியவர்கள் வந்தார்கள், இருந்தார்கள், போனார்கள். அவர்களுக்குப் பின் வேறு வகைக் கருவி செய்தவர்கள் வந்தார்கள், அவர்களும் போனார்கள். அந்தக் காலக்கணக்கில் வைத்துப் பார்த்தால், ஒரு கோயில் பெயர்ந்ததும் ஓர் ஊர் மூழ்கியதும் கண்ணிமைப்பொழுதில் அடங்கும் என்றார் அவர்.

இந்த வாதம் கேட்பதற்குக் கம்பீரமாக இருக்கிறது. ஆயினும் இதில் ஒரு நுண்ணிய வஞ்சனை உண்டு. அத்திரம்பாக்கத்து ஆதிமனிதர், ஆறு வழிமாறியதாலோ மழை பொய்த்ததாலோ வேறு எதனாலோ போயிருக்கலாம். யாருடைய தாகத்தைத் தணிக்கவும் அவர்கள் அகற்றப்படவில்லை. பட்டினத்தார் தம் செல்வத்தைத் தாமே விட்டார். பிறர் பிடுங்கிக்கொள்ள நின்றவர் அல்லர். துறந்தவன் நிலையாமையைச் சொன்னால் அது ஞானம். இழந்தவன் சொன்னால் அது ஆறுதல். எடுத்துக்கொண்டவன் சொன்னால் அதற்கு வேறு பெயர். திருவிளம்பூதூரின் நீர் பூண்டியிலிருந்து சோழவரத்துக்கும் புழலுக்கும் வந்து எங்கள் குழாய்களில் இறங்குகிறது. அந்த நீரைக் குடித்து வளர்ந்தவர்கள் கரைமேல் நின்று எல்லாம் அநித்தியம் என்று சொல்லுவது, நம் செயலுக்குக் காலத்தின் கையெழுத்தை வாங்குவதாகும். கடலரிப்பும் இப்படித்தான்: 1870-களில் கட்டத் தொடங்கிய துறைமுகத்தின் சுவர்கள் வடக்கே செல்லும் மணலைத் தடுத்து நிறுத்தியதால் தெற்கே மெரீனா அகன்றது, வடக்கே ராயபுரம் முதல் கரை தேய்ந்தது, அதைச் சமுத்திரராஜனின் லீலை என்று மட்டும் சொல்லி அமைவது சாஸ்திரத்துக்கும் பொருந்தாது, நியாயத்துக்கும் பொருந்தாது.

இரண்டாவது வாதம், இறைவன் சர்வவியாபி என்பது. எங்கும் நிறைந்தவனுக்குப் பெயர்ச்சி ஏது, நீருக்குள்ளும் அவனே, மேட்டிலும் அவனே, ஆகவே நஷ்டம் என்ற ஒன்றே இல்லை என்று இளைஞர் ஒருவர் வாதித்தார். இதற்கும் எங்கள் ஊரில் ஒரு சாட்சி உண்டு. ஏழுகிணற்றுப் பகுதியில் வளர்ந்து, திருவொற்றியூருக்கு இடைவிடாமல் வந்து, வடிவுடை மாணிக்க மாலையைப் பாடிய இராமலிங்க சுவாமிகள், பிற்காலத்தில் ஸ்தல வழிபாட்டை எல்லாம் கடந்து, 1872-ல் வடலூரில் சத்திய ஞான சபையை எழுப்பி, உருவத்தின் இடத்தில் ஜோதியை வைத்தார். ஒற்றியூரை விட்டு நீங்கியதற்காக அவருடைய கண் மறையவில்லை.

ஆனால் அவரை இந்த வாதத்துக்குச் சாட்சியாக அழைப்பவர்கள், சபைக்கு முன்பே, 1867-ல், அவர் அங்கே தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டினார் என்பதை மறக்கலாகாது. பார்வதிபுரத்து மக்கள் மனமுவந்து கொடுத்த நிலத்தில், பசித்தவர்க்கு உணவிடுவதற்காக மூட்டிய அந்த அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. எங்கும் நிறைந்த ஜோதியைக் கண்டவருக்கும் ஓர் இடம் வேண்டியிருந்தது. ஆனால் அந்த இடத்தைப் புனிதமாக்கியது மண்ணின் பழமை அன்று. கேட்டுப் பெற்ற கொடையும், நாள்தோறும் நிறைவேற்றிவரும் ஒரு கடமையும் அதைப் புனிதமாக்கின. சர்வவியாபகம் என்ற சித்தாந்தம், எங்கேயும் யாருக்கும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்ற முடிவுக்கு அவரைக் கொண்டுசெலுத்தவில்லை.

மூன்றாவதாக, ஆகமத்தின் விடையைப் பெரியவர் விளக்கினார். மூர்த்தங்களைச் சலம், அசலம் என்று பிரிப்பார்கள். வீதிவலம் வரும் உற்சவர் சலம்; கருவறையில் ஊன்றி நிற்கும் மூலவர் அசலம். அசலத்தை அசைப்பது சாமானியமான காரியம் அன்று. திருப்பணி முதலிய தவிர்க்கவியலாத காரணங்களால் அது நேரும்போது, முதலில் அனுக்ஞை பெற வேண்டும். அதாவது, இன்ன காரணத்தால் இதைச் செய்யப் போகிறோம், உத்தரவு தர வேண்டும் என்று இறைவன்முன் விண்ணப்பிக்க வேண்டும். பின்பு மந்திரபூர்வமாக மூர்த்தியின் கலைகளைக் கும்பத்தில் ஆகர்ஷித்து, பாலாலயம் அமைத்து, அங்கே ஒரு நாளும் பூஜை குறையாமல் நடத்தி, நிலையான இடம் ஆயத்தமானதும் மீண்டும் பிரதிஷ்டை செய்து, குடமுழுக்காட்டி, இனி இங்கே எழுந்தருளியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள வேண்டும். பெயர்த்து எடுப்பதற்கு முன்னும், இடையிலும், பின்னும், பெயர்ப்பவன் பெயர்க்கப்படுகிறவருக்குக் கட்டுப்பட்டவனாகவே இருக்கிறான் என்று சொல்லி முடித்தார்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தவர்களுள், கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து இடம் மாற்றப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்த, மீன் விற்றுப் பிழைக்கும் அம்மாள் ஒருவரும் இருந்தார். அதுவரை பேசாதிருந்த அவர், "ஏன் அய்யா, சாமியத் தூக்கினு போறதுக்கு இத்தினி மந்திரம் சொல்லி, சாமிகிட்டயே உத்தரவு கேட்டாங்கன்றீங்களே, எங்க குப்பத்தத் தூக்கசொல்ல எங்ககிட்ட இன்னா கேட்டாங்க?" என்றார். பெரியவர் சற்றுநேரம் சிந்தித்துவிட்டு, "கேட்டிருக்கணும், தாயே" என்றார்.

அன்று பேசிய பேச்சுகளில், கேட்ட வினாவுக்கு நேராகச் சென்று நின்றது இந்த ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆற்றின் மேற்பகுதியில் ஓர் ஊர் குடிநீருக்காக மூழ்கியது என்றால், அதே ஆறு கடலில் சேரும் கழிமுகத்தில், துறைமுகங்களுக்காகவும் அனல் மின்நிலையங்களுக்காகவும் நீரும் நிலமும் இடம் கொடுத்துக்கொண்டே வந்திருக்கின்றன. எண்ணூர் அனல் மின்நிலையம் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடி 2017-ல் நின்றுவிட்டது. அதற்கு வடக்கே எழுந்தவை இன்றும் ஓடுகின்றன. அவற்றின் சாம்பல் ஆற்றில் படிந்து கிடக்கிறது. 2001-ல் இயங்கத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகத்தையும் தாண்டி, காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் அமைந்தபோது, அங்கிருந்த மீனவக் குப்பம் வேறிடத்துக்குப் பெயர்க்கப்பட்டது. கடல்நீரைக் குடிநீராக்கி, நாள் ஒன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் சென்னைக்கு அளிக்கும் ஆலை 2010 முதல் இயங்குவதும் அதே காட்டுப்பள்ளியில்தான். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் நகரத்துக்கு நீர் தரும் ஏரிகள் நான்கும் வறண்டபோது, நகரம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை எல்லோரும் கண்டோம். ஆகவே அணையும் வேண்டாம், துறைமுகமும் வேண்டாம் என்று கரையில் நின்று சொல்வது எளிது. குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பெயர்ப்பது தவிர்க்க முடியாததாக இருக்கலாம். எவ்வாறு பெயர்க்கிறோம் என்பதில்தான் தர்மம் இருக்கிறது.

எகிப்தில் நைல் நதிமீது அஸ்வான் உயர் அணை எழுந்தபோது, அபு சிம்பெல் கோயில்கள் மூழ்காமல் காப்பதற்காக உலக நாடுகள் பல பொருள் ஈந்தன. 1964 முதல் 1968 வரை மலையையே பாளம் பாளமாக அறுத்து, மேட்டில் கொண்டுபோய்ப் பிசகாமல் பொருத்தினார்கள். அது மனித ஆற்றலின் மாபெரும் சாதனை என்பதில் ஐயமில்லை. அதே நீருக்கு அஞ்சி, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த கரையை விட்டு, பல்லாயிரக்கணக்கான நூபியர்கள் புதுக் குடியிருப்புகளுக்குப் போனார்கள். கற்களுக்கு எண்ணிட்டு, எந்தக் கல் எதற்கு அடுத்தது என்று குறித்துவைத்த கவனம், எந்த வீட்டுக்கு அடுத்தது எந்த வீடு என்பதில் இருந்திருந்தால், அது இன்னும் பெரிய சாதனையாக இருந்திருக்கும். கல்லைப் பெயர்க்கும்போது மனிதன் தெய்வத்துக்கு அஞ்சுகிறான். மனிதரைப் பெயர்க்கும்போது அந்த அச்சம் விலகிவிடுகிறது. ஆகமம் வகுத்த முறையின் அந்தரார்த்தத்தை நாம் பாதிதான் கைக்கொண்டிருக்கிறோம்.

இனி, சொன்னவர் பெயர்ந்த பின் சொல் எங்கே இருக்கிறது என்ற வினாவுக்குத் திரும்பலாம். மகிழடிக் கதையே அதற்கு விடை தருகிறது என்று நான் எண்ணுகிறேன். சந்நிதி வெறுமையாகிவிட்டால் சத்தியத்தின் பிடி தளர்ந்துவிடும் என்று சுந்தரர் கருதியதைப் போலவே, மூர்த்தியை முறைப்படி எடுத்துச் சென்று வேறிடத்தில் வைத்துவிட்டால் மூழ்கிய ஊரோடு நமக்குள்ள வழக்கு தீர்ந்தது என்று நகரமும் கருதுகிறது. நிலத்துக்கு விலை கொடுத்தாயிற்று, கோயிலைக் கட்டிக் கொடுத்தாயிற்று, இனி அங்கே இருப்பது நீர் மட்டும். ஆனால் இறைவன் அன்று சங்கிலியாரிடம் சொன்னது என்ன? நான் வழக்கமாக இருக்கும் இடத்தில் என்னைத் தேடாதே. என்னை வெளியே அனுப்பிவைத்தார்களே, அந்த இடத்தில் வந்து ஆணை கேள் என்றல்லவா சொன்னார்! கருவறையினின்று வெளியே அனுப்பப்பட்டவர், மரத்தடியில், வெயிலிலும் காற்றிலும் நின்று சாட்சியானார். வாக்குக் கொடுக்கிறவனின் வசதிக்காக இடம் மாறியவர், வாக்குப் பெறுகிறவளின் பக்கம் நின்றார்.

அந்தக் கதையின் நியாயப்படி பார்த்தால், திருவெண்பாக்கத்தின் சாந்நித்தியத்தை வண்டலுக்கு அடியில் தேட வேண்டுவதில்லை. பூண்டிக் கோயிலில் அது இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. அங்கே விளக்கு எரிகிறது, பூஜை நடக்கிறது, நாங்களும் தொழுதோம். ஆனால் முழுவதும் அங்கேயே இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. வெளியே அனுப்பப்பட்டவர்கள் எங்கே போய்க் குடியமர்ந்தார்களோ, அங்கே அதன் ஒரு பங்கு சென்றிருக்க வேண்டும். ஸ்தலம் என்பது பூமியின் ஒரு துண்டு என்று மட்டும் கொண்டால் அது மூழ்கும், அரிக்கும், விற்பனையாகும். வாழ்கிறவர்களுக்கும் அவர்கள் வாழ்வுக்குச் சாட்சியாக நிற்பவருக்கும் இடையே உள்ள ஓர் உடன்படிக்கை என்று கொண்டால், மக்கள் நகரும்போது அதுவும் நகர்கிறது. நகர்த்தியவனும் அதற்கு ஒரு கட்சிக்காரனாகிவிடுகிறான். திருவிளம்பூதூர் மூழ்கிய நாளில் சென்னை நகரம் அந்த உடன்படிக்கையில் தன்னை அறியாமலே கையொப்பமிட்டது.

வெண்பாக்கத்து இறைவனின் விடையில் பரிவு இல்லை என்று உரைகாரர்களும் அடியவர்களும் வருந்துவதுண்டு. கண் கேட்டவருக்குக் கோல் கொடுத்து, போகச் சொல்லிவிட்டார் என்பது அவர்கள் குறை. எனக்கு அது கடுமையாகத் தோன்றவில்லை. தவறு செய்தவன் தன் தவறோடு நடந்துதான் தீர வேண்டும். நடப்பதற்கு ஊன்றிக்கொள்ள ஒன்று தரலாம், பார்வையை உடனே தந்துவிட்டால் நடை தேவையற்றதாகிவிடும். சத்தியத்தை மீறியவருக்கு அந்த ஊரில் மன்னிப்பும் கிடைக்கவில்லை, கைவிடுதலும் நேரவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு நிலை உண்டு, அதில் மனிதன் பொறுப்பாளியாகிறான் என்பதை அந்தக் கோல் காட்டுகிறது.

நகரங்களுக்கும் அந்த நிலை வேண்டும். இனி எந்த ஊரையேனும் எந்தக் காரணத்துக்காகவேனும் பெயர்க்க நேர்ந்தால், கருவறையில் அசலமாக நிற்பவரிடம் விண்ணப்பிப்பதைப் போல முதலில் ஊராரிடம் காரணத்தைச் சொல்லி உத்தரவு கேட்க வேண்டும். மறுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று ஒப்புக்கொண்டு கேட்க வேண்டும், இல்லாவிட்டால் அது கேள்வி ஆகாது. நிலையான இடம் அமையும் வரையில், பாலாலயத்தில் ஒரு வேளைப் பூஜையும் தவறாததைப் போல, அவர்களுடைய ஒரு நாள் பிழைப்பும் தவறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கடலை நம்பியவனைக் கடலுக்கு எட்டாத மாடிவீட்டில் வைப்பது பிரதிஷ்டை ஆகாது. இவையெல்லாம் நிர்வாகத்தின் பேச்சு, இதற்கும் சமயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: அனுக்ஞை, ஆகர்ஷணம், பிரதிஷ்டை என்ற மூன்றையும் நம் முன்னோர் கண்டுபிடித்தது, தெய்வம் கோபித்துக்கொள்ளும் என்ற பயத்தினால் மட்டும் அன்று, தன்னைவிட அசையாத ஒன்றை அசைக்கிறவன் முதலில் தன் அகங்காரத்தை அசைத்துக்கொள்ள வேண்டும் என்று அவர்கள் அறிந்திருந்ததனால். அந்த அறிவைக் கோயில் மதிலுக்குள் நிறுத்திவைத்திருக்கிறவரையில், நாம் ஊன்றீசுவரருக்குச் செய்ததையும் முழுதாகச் செய்தவர்கள் ஆக மாட்டோம்.